வத்சலாவின் தைலக் கிண்ணம்

ஒரு கை தைலத்தை உச்சந்தலையில் வைத்துத் தட்டிக்கொண்டே வத்சலா வாரஸ்யார் கூடத்தில் நடக்கிறாள். போய் வந்து போய் வந்து நாற்பது நடை. "ஊறாம குளிச்சா அது எண்ணெய்க்குத் தண்டம்டி" என்பாள். பிறகு பயத்தம்பொடி, வெந்நீர். தலை துவட்டியதும் நீர் கோக்காமலிருக்க உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடி. வயது அறுபத்தேழு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்பதால் எனக்கும் அறுபத்தேழுதான். ஆனால் போன வாரம் ஒற்றப்பாலம் பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து எனக்கு மட்டும் இடம் கொடுத்தாள்.

ஆடி மழையோடு கர்க்கடக மாதம் பிறந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. மீன் கிடையாது, பகல் தூக்கம் கிடையாது. நெற்றியில் முக்குற்றி இலை அரைத்த பொட்டு. ஞவரை அரிசியும் வெந்தயமும் போட்ட கஞ்சி, அதுவும் அரை வயிறு. "பசி தானா வந்து கதவத் தட்டணும். நாம போயி அத அழைக்கக் கூடாது" என்று எனக்கு உபதேசம் வேறு. நானும் அதே கஞ்சிதான் குடிக்கிறேன், அதே கடைத் தைலம்தான் தேய்க்கிறேன். என் முழங்கால் மட்டும் படியேறும்போது அப்பளம் நொறுக்குகிறது. நடுவில் எண்ணெயில் பொரித்த பழம்பொரி இரண்டு தின்றது உண்மைதான். இரண்டு பழம்பொரியா ஒருத்தியைக் கிழவியாக்கும்?

என் வீட்டுக்காரர் மாதவன்குட்டி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறவர். என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "வத்சலாவப் பாரு, உடம்ப எப்படி வச்சிருக்கா" என்பார். "அப்ப அவளுக்கே போய்த் தேச்சு விடுங்களேன்" என்றேன் ஒருநாள். இரண்டு நாள் பேச்சில்லை.

ஓணம் கழிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் கூடுகிறோம். அவள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நினைத்தாலே வயிறு எரிகிறது. இவள் என்னவோ ஒன்றை மறைக்கிறாள், அதைக் கண்டுபிடித்தே தீர்வது என்று நேற்றுக் காலை சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன்.

குளியலறைக்கு வெளியே ஒரு மரத்தூண். அதில் தோள் உயரத்துக்குக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. இவ்வளவு சுத்தக்காரி வீட்டில் இப்படி ஓர் அழுக்கா! மனசு குளிர்ந்துபோயிற்று.

அப்போது வத்சலா முண்டுத் துணியை மார்பில் முடிந்துகொண்டு கிண்ணத்தோடு வந்தாள். தைலத்தைத் தொட்டுத் தூணில் பூசினாள். திரும்பி, முதுகைத் தூணில் அழுத்தி மேலும் கீழுமாகத் தேய்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நடுமுதுகுக்கு மட்டும் கை எட்டலடி" என்றாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் குடியிருக்கிறாள். "உனக்கு யாரு தேச்சு விடறா?"

"அவருதான். எதையாவது சொல்லிக் குத்திக்கிட்டே."

"தினமுமா?"

"தினமும்."

வத்சலா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் அவளைப் பார்க்கிற பார்வை அது.

பிறகு தூணை விட்டு விலகி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கிண்ணத்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினாள்.