சாய்ந்து விழும் எழுத்து

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், ருமேனியாவின் அராத் நகரத்தில் யார் வீட்டில் தட்டச்சு மெஷின் இருந்தாலும், வருஷம் ஒருமுறை அதைப் போலீஸ் நிலையத்துக்குச் சுமந்துபோய் ஒரு பக்கம் அடித்துக் காட்ட வேண்டும். அரசாங்கத்தை ஏசி எங்காவது துண்டுக் காகிதம் கிடைத்தால், எந்த மெஷின் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். வெத்தூரியாவின் மெஷினில் ஓர் எழுத்து எப்போதும் குடிகாரன் மாதிரி சாய்ந்தே விழும்.

"இந்த இரும்பைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கினாலே மூச்சு வாங்குது. இதுல நான் எங்க புரட்சி பண்றது?" என்று நிலையத்தில் எரிந்து விழுந்தாள். அன்றே அவளை வேவு பார்க்க சார்ஜன்ட் லிவியுவைப் போட்டார்கள்.

நிலையத்து மெஷின் பழுதானதும், லிவியு மாதாமாதம் அவள் வீட்டுக்கே வந்து, அவளைப் பற்றிய அறிக்கையை அவள் மெஷினிலேயே அடித்தார். அவர் ஒற்றை விரலால் தடவுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவளே உட்கார்ந்தாள்.

"என்ன போடணும்?"

"வெத்தூரியாவுக்கு வாய் நீளம்னு போடுங்கம்மா."

"'மிகவும்'னு சேர்க்கிறேன். உங்க மேலதிகாரி குளிர்ந்துபோவாரு. கீழே உங்க பேரு?"

"வேண்டாம்மா, அது ரகசியம்."

ஆட்சி கவிழ்ந்து, பல வருஷம் கழித்து, வேவு பார்த்து எழுதிய கோப்புகளை அவரவருக்குத் திறந்து காட்டினார்கள். வெத்தூரியாவும் போனாள். அங்கிருந்த குமாஸ்தாப் பெண் அறிக்கைகளில் இருந்த அந்தச் சாய்ந்த எழுத்தைப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். குமாஸ்தாவின் முகம் வாடியது.

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. இதெல்லாம் உங்க மெஷின்லதான் அடிச்சிருக்கு. அப்ப உங்க வீட்டுல யார் யார் இருந்தாங்க?"

"நான் ஒருத்திதான்."

குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டாள்.