அரூருக்குத் தொக்கம் எடுக்கப் போன பயணம்

அரூர்ப் பக்கம் தொக்கம் எடுக்கப் போகவேண்டும், எந்த பஸ் சரிப்படும் என்று போன வாரம் இரண்டு பேர் இங்கே கேட்டிருந்தீர்கள். தின்றது வயிற்றில் சிக்கிக்கொண்டது என்று குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்களே, அதுதான் தொக்கம். வழி எனக்குத் தெரியும். அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, பென்னாகரத்திலிருந்து போய் வந்திருக்கிறேன். நான் படித்தது மூணாங்கிளாஸ். ஆனால் போன வழியும் பேசின பேச்சும் ஒன்றுகூட மறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொங்கல் கழிந்ததிலிருந்து நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணி தொண்டை வரைக்கும் ஏறும். எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பார். கடையில் சோடா உப்பு வாங்கிக் கரைத்துக் குடிப்பார். ஏப்பம் வந்து கொஞ்சம் அடங்கும், மறுபடி எரியும். பக்கத்து வூட்டுக்காரி ஒருத்தி என் மாமியார் காதில் ஓதினாள்: புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மருமகள் சாப்பாட்டில் இடுமருந்து வைத்திருப்பாள் என்று. அவள் செத்து இருபது வருஷம் ஆகிறது, நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் மாமியார் என்னிடம் சொன்னார்: "மருந்து வெளிய வந்துச்சுன்னா அப்படியே உங்காத்தா வூட்டுக்குப் போயிரு. எங்க கூட பஸ் ஏறாத." எனக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷம்.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதால் காலை ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தோம். தருமபுரிக்கு ஒன்றே கால் மணி நேரம், ஆளுக்கு எண்பது காசு. எனக்கு பஸ்ஸில் தலை சுற்றும் என்று வீட்டுக்காரர் சன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். புளித்த தண்ணி வாய்க்கு வந்தால் துப்புவதற்கு அவருக்குத்தான் அந்த இடம் வேண்டியிருந்தது. துண்டில் துப்பிக்கொண்டே வந்தார். ஆறே முக்காலுக்கு அரூர் பஸ். இருபத்தைந்து மைல், ஆளுக்கு ஒரு ரூபாய். நாங்கள் கேட்ட இடத்தில் நிறுத்தாமல் அரை மைல் தள்ளி இறக்கிவிட்டான் ஒரு கண்டக்டர். மேலுதடு முழுக்க மீசை, இடது காதில் கடுக்கன். இப்போது பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

தொக்கம் எடுக்கிற அம்மா வீட்டில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். ஒன்பதரைக்கு எங்கள் முறை வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய் வைத்தார் மாமியார். அந்த அம்மா வீட்டுக்காரர் வயிற்றில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சி, தட்டில் துப்பினார். சுண்டைக்காய் அளவு சோற்று உருண்டை, அதில் ஒரு மயிர் சுற்றியிருந்தது. சோத்துல வெச்ச மருந்து, மூணு மாசமா ஒட்டிக்கிட்டு இருக்குது என்றார்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கண் அந்த உருண்டையை விட்டுப் போகவில்லை. வெள்ளை வெளேரென்று நெல்லுச்சோறு. எங்கள் வீட்டில் தினமும் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அரிசிப் பானையை மருமகள் தொடக்கூடாது. மாமியாரே அளந்து, மாமியாரே ஆக்கி, மகனுக்கு மாமியாரே போடுவார்.

"ஏனுங்கத்தை, நம்ம வூட்ல நெல்லுச்சோறு யாருங்க ஆக்கறது?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

மாமியார் தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், "ஆத்தா, பொங்கலன்னிக்கு எனக்கு மூணு கரண்டி போட்டியே" என்றார். சிரித்ததில் எரிச்சல் ஏறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாமியார் அந்த அம்மா பக்கம் திரும்பி, "எம் மவனுக்கு நானா மருந்து வெச்சேன்?" என்று கேட்டுவிட்டு, தேங்காயைத் திரும்ப எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். வெற்றிலையை மட்டும் விட்டுவிட்டார்.

தருமபுரிக்கு டிக்கெட் எடுத்தவர் வீட்டுக்காரர். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் நாலு மணிக்குப் போனோம். என்ன சாப்பிடுகிறார், எப்போது என்று அவர் கேட்டபோது வீட்டுக்காரர் முழித்தார். நான் சொன்னேன். காலையில் கூழும் பச்சை மிளகாயும். பகலெல்லாம் வாயில் புகையிலை. பொழுது போய் இரண்டு பெரிய களி உருண்டை, மிளகாயும் புளியும் கரைத்த சாறு, மெல்லாமல் விழுங்கி, உடனே கடலைக் காட்டுக் காவலுக்குப் போய்ப் படுத்துவிடுவார். பொங்கலிலிருந்துதான் அந்தக் காவல். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நோவு இவங்க சொன்னதுலயே இருக்குது" என்றார் மாமியாரிடம். வயிற்றில் ஊறும் புளிப்புத் தண்ணி மேலே வராமல் இரைப்பை வாய் தடுக்குமாம். வயிறு முட்டத் தின்று படுத்தால் அந்தத் தண்ணி கசிந்து உணவுக்குழாயைச் சுடுமாம். குடிக்க வெள்ளை மருந்து கொடுத்தார்.

ஐந்தரைக்குப் பென்னாகரம் பஸ் வந்தது. கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்றதும் மாமியார் "மூணு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு என்று கடைசி வரைக்கும் வாயால் சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து வெயில் இருக்கும்போதே களி கிண்டி அவரைக் கூப்பிட்டுவிடுவார். ஒரு மாசத்தில் எரிச்சல் போய்விட்டது.

கேட்டவர்களுக்கு: அரூருக்குப் போகவேண்டாம், டாக்டரிடம் போங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். புகையிலையை விடுங்கள். விழுங்கினால் அடைத்தாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ, கறுப்பாக வெளிக்குப் போனாலோ, நெஞ்சு வலித்து வேர்த்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. போகும்போது வீட்டில் சமைத்துப் போடுகிறவரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு நான் நின்றுகொண்டேதான் சொன்னேன்.