கோபா படித்துக் காட்டிய கோடை

கிளிப்பாய் சிங்கி இறால் ஷெட்டில் என் மேசைக்கு அடுத்த மேசை கோபா ஃபோர்ட்டுவினுடையது. வாலைப் பிரித்து, கழுவி, பெட்டியில் அடுக்குவதுதான் எங்கள் வேலை. கை வேகத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது வாயைக் கொடுத்தால், "கேட்டு வந்தவனுக்கெல்லாம் கழுவித் துடைக்க ஆள் வேணும். அந்த வேலைதான் எனக்குக் கேரவன் பார்க்கிலயே இருக்கே" என்பாள்.

உண்மைதான். எங்கள் பக்கத்தில் டிசம்பர்தான் கோடை. அது பிறந்துவிட்டால் வ்ரெடென்டால், கால்வினியா பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வெயில் தாங்காமல் குடும்பத்தோடு எங்கள் கடற்கரைக்கு வந்து கேரவன் வண்டிவீடுகளைப் போட்டுத் தங்கிவிடுவார்கள். அவர்களுடைய குளியலறைகளைக் கோபா விடியற்காலை ஐந்து மணிக்குக் கழுவ ஆரம்பித்து, ஒன்பதுக்கு முடித்துவிட்டு, பத்துக்கு ஷெட்டுக்கு வருவாள்.

அந்தக் குளியலறைகளில்தான் அவளுக்குப் புத்தகங்கள் கிடைத்தன. ஜன்னல் மேட்டில், துணிக்கொடிக்குக் கீழே, குப்பைத் தொட்டி மூடியின் மேல், சன் கிரீம் பிசுக்கும் மணலும் ஒட்டிய காதல் நாவல்கள். தண்ணீர் பட்டு அப்பம் மாதிரி உப்பியிருக்கும். எரித்துவிடச் சொல்லி மேலாளர் உத்தரவு. கோபா வாளியில் கந்தைத் துணிக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதல் புத்தகத்தை முடிக்க ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்ததாம்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. 1992 டிசம்பரில் ஒரு நாள் தென்கிழக்குக் காற்று விடாமல் அடித்தது. படகுகள் வரவில்லை. ஐஸ் அறைச் சுவரின் நிழலில் ஒன்பது பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்காருவதுதான் எனக்கு அப்போது ஆகாத காரியம். ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் ஆப்ராம் போன படகு அவர் இல்லாமல் திரும்பி வந்திருந்தது. கை ஓடிக்கொண்டிருந்தால் மனசும் எப்படியோ ஓடிவிடும். கை நின்றால் கடல் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

கோபா என்னை ஒருமுறை பார்த்தாள். ஏப்ரனுக்குள் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

எல்சபெ என்று ஒரு நர்ஸ். நகரத்தில் ஒருவன் அவளை ஏமாற்றிவிடுகிறான். மனசு வெறுத்துக் கரூ என்ற வறண்ட வெளியில் ஒரு செம்மறிப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள். பண்ணைக்காரன் ரூடால்ஃப். சாம்பல் நிறக் கண்கள், பெரிய தோள்கள், வாய் திறந்தால் கடுகடுப்பு. பெரிய வீடு. அம்மா அப்பா இருவருமே இல்லாதவன்.

அந்த இடம் வந்ததும் லெட்டி கையைத் தூக்கினாள். எங்கள் ஷெட்டிலேயே அவள் நாக்குக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம்.

"நிறுத்து, நிறுத்து. ஆட்டு மந்தை இருக்கு, வீடு இருக்கு, மாமியார் இல்ல. அந்தப் பைத்தியக்காரி இன்னும் என்னடி யோசிக்கிறா?"

நான் சிரித்துவிட்டேன். கனைத்தது போலத்தான் வந்தது அந்தச் சிரிப்பு. நாலு மாதத்துக்குப் பிறகு என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது. எல்லோரும் பேச்சை விட்டு என்னையே பார்த்தார்கள். கோபா மட்டும் தலை நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பி மேலே படித்தாள். அவள் அன்றைக்கு என்னைப் பார்க்காமல் இருந்ததற்காகவே நான் அவளுக்குக் கடமைப்பட்டவள்.

அதிலிருந்து தினமும் மதிய இடைவேளையில் ஒரு அத்தியாயம். படகு தாமதமானால் இரண்டு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வ்ரெடென்டாலிலிருந்து ஐஸ் லாரி வரும். ஓட்டுநர் பெனோனி க்ளூத்தே ஐம்பதை நெருங்கிய ஆள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. ஐஸை இறக்கியதும் கிளம்பிவிடுகிறவன், இப்போது இறக்குவதற்கே நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு, ஏதோ டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்து நிற்பான்.

எங்கள் மேஸ்திரி டைட்டஸ் ஒரு நாள் பிடித்துவிட்டார்.

"பெனோனி, நீ கொண்டு வர்றது ஐஸா, தண்ணியா?"

"வழியெல்லாம் வெயில், மேஸ்திரி."

"வழியிலயா? லாரிக்கு அடியில பாருய்யா, வாத்து விடலாம் போல இருக்கு!"

பெனோனி காது வரை சிவந்துபோனான். லெட்டி சுவர் மூலையிலிருந்து தலையை நீட்டினாள். "மேஸ்திரி, அந்த ஆளை விடுங்க. ரூடால்ஃப் இப்பதான் அவ கையைப் பிடிச்சிருக்கான். இந்த நேரத்துல யாருக்கு ஐஸைப் பத்திக் கவலை?" டைட்டஸ் முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் தன் நாற்காலியையும் நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

புத்தாண்டுக்கு மறுநாள், ஜனவரி இரண்டு, ஷெட்டுக்கு விடுமுறை. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை எங்கே படிப்பது என்று பேச்சு வந்தபோது கோபா சொன்னாள்: "கதையில வர்றவங்கல்லாம் மணல்ல படுத்துக்கிட்டுத்தான் காதலிக்கிறாங்க. நாம கடலோரத்துலயே பொறந்திருக்கோம். ஒரு நாளாவது படுத்திருக்கோமா?"

படுத்ததில்லை. சில வருஷம் முன்புவரை கேரவன் பார்க் பக்கத்து மணலில் வாளியோடு மட்டும்தான் நாங்கள் நடக்கலாம். வெள்ளையருக்கு மட்டும் என்ற சட்டம் மாறிய பிறகும் யாரும் போய் உட்காரவில்லை. பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் போனோம். ஒன்பது பேரும் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு, போர்வை, எண்ணெயில் பொரித்த ஃபெட்கூக் ரொட்டி, வீட்டில் காய்ச்சிய இஞ்சி பீர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். பெனோனி லாரி இல்லாமல் தன் பழைய வண்டியில் வந்திருந்தான், பெரிய குடை ஒன்றோடு. யாரும் அவனை அழைக்கவில்லை, போகவும் சொல்லவில்லை. பண்ணைக்காரர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் புத்தகத்துக்குள் போய்விட்டார்கள். கடலுக்கு எதிரே காலை நீட்டிப் படுத்தேன். ஆப்ராமைக் கொண்டுபோன அதே கடல்தான். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடிந்தது.

கோபா படித்தாள். எல்சபெ கோபித்துக்கொண்டு ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறாள். ரூடால்ஃபின் லாரி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தூரத்தில் ரயில் புகை தெரிகிறது. "எல்சபெ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு" என்று படித்தவள் பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கம் இல்லை. அந்தப் புத்தகங்களில் பாதிக்குப் பின்அட்டை இருக்காது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோபா எப்போதும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கமாட்டாள். எங்களோடுதான் அவளுக்கும் கதை தெரியும். யாரோ இறைச்சி சுடும் பிராய் அடுப்பு மூட்டக் கடைசிப் பக்கங்களைக் கிழித்திருக்கிறார்கள்.

"ஒளிச்சு வச்சிருக்கா! அவ பையைப் பாருங்கடி!" என்று லெட்டி கத்தினாள். தேடினோம், இல்லை. ஒருத்தி அழுதேவிட்டாள்.

"சரி, அப்ப நீயே முடி" என்றாள் லெட்டி. "பதினோரு நாளா எங்களை இழுத்தடிச்சிருக்க. முடிக்காம நீ வீட்டுக்குப் போக முடியாது."

கோபா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எல்சபெ ரயில் ஏறல. பெட்டியை அங்கேயே விட்டுட்டா. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, தண்ணியில இறங்கி, அவன் இருக்கிற பக்கத்துக்கு நடந்தே போறா. எப்பவும் அவனேதான் வரணுமா என்ன?"

குடைக்குப் பின்னாலிருந்து பெனோனியின் குரல் வந்தது. "அந்த முன்அட்டையைக் கொஞ்சம் குடுங்க. நான் போற வழியில விசாரிக்கிறேன்."

ஆறு வாரம் தேடினான். சட்டைப்பையில் அட்டையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கேட்டான். ஐஸ் இறக்கும்போது செய்தி சொல்வான்.

"கிளான்வில்லியம்ல இல்ல."

இன்னொரு நாள்: "ஃபான்ரைன்ஸ்டார்ப் மருந்துக்கடை அம்மா படிச்சிருக்காங்களாம். ஆனா முடிவுல கட்டிக்கிட்டது ரூடால்ஃபையா இன்னொருத்தனையான்னு ஞாபகம் இல்லையாம்."

"இன்னொருத்தனா?" லெட்டிக்கு வந்த கோபத்துக்கு அந்த அம்மா நேரில் இருந்திருந்தால் தொலைந்தாள்.

ஒரு நாள் கோபா அவனிடம், "அட்டையில பதிப்பாளர் பேரு சின்னதா இருக்கும் பாருங்க. அதைச் சொல்லிக் கேட்டா சீக்கிரம் கிடைக்கும்" என்றாள்.

பெனோனி அட்டையை எடுத்தான். அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "எனக்குப் படிக்க வராது, கோபா. அதனாலதான் இத்தனை நாளா சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

கோபா அட்டையை வாங்கி, பேரைப் படித்து, அவனுக்கு மனப்பாடம் ஆகும் வரை மூன்று தடவை சொன்னாள். பக்கத்து மேசையில் நின்ற எனக்கும் அந்தப் பேர் மனப்பாடமாகிவிட்டது.

பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, லாரி வராத நாளில், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். கையில் ரொட்டிக் காகிதத்தில் சுற்றிய புத்தகம். க்ளாவர் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரம்மா ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தாராம். "நல்லபடியா முடியுதான்னு மட்டும் கேட்டேன். நீயே படிச்சுக்கன்னுட்டாங்க" என்றான். நல்லதா கெட்டதா என்று தெரியாமலே அந்த மனுஷன் அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறான்.

திங்கட்கிழமை ஷெட்டே கூடியது. கோபா படித்தாள். ரூடால்ஃப் பக்கத்துப் பண்ணைக் குதிரையில் வெள்ளத்தைத் தாண்டி வந்து சேர்கிறான். கட்டியணைக்கிறான். பிறகு ஏழு பக்கத்துக்குக் கல்யாண உடுப்பு, கல்யாணப் பூ, கல்யாணக் கேக்.

"கேக்குக்கு மூணு பக்கமா!" என்றாள் லெட்டி. "கோபா முடிச்சதே மேல்." கை தூக்கச் சொன்னாள். மேஸ்திரி உட்படப் பத்துக் கை கோபாவின் முடிவுக்கு. பெனோனி மட்டும் கையைத் தூக்கவில்லை. "எனக்கு ரெண்டுமே புடிச்சிருந்தது" என்று சொல்லிவிட்டு லாரி ஏறினான்.

அதன் பிறகு அவன் நிற்கவில்லை. ஐஸை இறக்கியதும் கிளம்பிவிட்டான். கொண்டுவந்த ஐஸ் கரையாமல் முழுசாக இருந்தது. மேஸ்திரிக்கே அது பிடிக்கவில்லை. புத்தகம் தேடித் தருகிற வேலை முடிந்துவிட்டது, இனிமேல் நிற்பதற்கு என்ன சாக்கு என்று நினைத்தானோ, படிக்கத் தெரியாது என்று சொன்னது உறுத்தியதோ. கோபா புதுப் புத்தகம் ஒன்றை ஏப்ரனில் வைத்திருந்தாள். இரண்டு வாரம் அதைத் திறக்கவே இல்லை. காற்று அதிகம், கண் வலி, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம், ஏப்ரனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "சன்னா, என் மேசையையும் கழுவிடு." மெயின் ரோட்டுக்கு நடந்து, ரொட்டி வேனை நிறுத்தி ஏறிவிட்டாள்.

வ்ரெடென்டால் ஐஸ் ஆலை வாசலில் பெனோனி மண்வாரியோடு நின்றிருந்தானாம். நடந்ததைக் கோபா பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

"புதுக் கதை ஒண்ணு ஆரம்பிக்கணும்" என்றாளாம். "நீங்க இல்லாம ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்ல."

அவன் யோசித்துச் சொன்னானாம்: "ஐஸ் உருகுமே."

"உருகட்டும்."

மே மாதம் கல்யாணம். லெட்டி செய்த கேக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை விவரிக்க மூன்று வரிகூடத் தேறாது. பாதிரியார் பெனோனியிடம், இனி நீயும் படிக்கக் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்டார். "படிக்கத் தெரிஞ்சவளையே கட்டிக்கிட்டேன், இனிமே எனக்கெதுக்கு?" என்றான். இன்றுவரை அவன் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான கதைகளை வரிசை தப்பாமல் சொல்வான்.

என்னைக் கேட்டால், அந்தக் கோடை என்னை மனுஷியாக்கிக் கொடுத்தது. பெரிய புத்தகங்கள் இல்லை அவை. முதல் பக்கத்திலேயே யார் யாரைக் கட்டுவார்கள் என்று தெரிந்துவிடும். அப்படித் தெரிவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று ஒருத்தி தினமும் அரைமணி நேரம் எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தாள். மீதி இருபத்துமூன்றரை மணி நேரத்தை அதை வைத்தே ஓட்டினேன்.

போன டிசம்பரில் கோபாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் தினமும் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணில் கட்டோடு சாய்ந்திருப்பாள். பெனோனி அடுப்படி வாசலில் நிற்பான். ஒரு நாள் அவசரத்தில் நான் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன்.

"சன்னா" என்றாள், கட்டுக்குள்ளிருந்து. "என்னமோ விட்டுப்போச்சு. அவ ஏன் திடீர்னு வெட்கப்படுறா?"

திருப்பிப் பார்த்தேன். தாண்டிப் போன பக்கத்தில்தான் முத்தம் இருந்தது.

"பாத்தியா?" என்றான் பெனோனி வாசலிலிருந்து. "அதை முதல்லேர்ந்து படி."