ஈ டிரைவில் இல்லாத ஆறு நாள்

வல்லம் வடகாலில் கார் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேல்விழிக்கு அளக்கும் வேலை, கான்ட்ராக்டில். ஊர் கடையநல்லூர்ப் பக்கம். மூன்று வருஷமாக ஒரகடத்தில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறாள். பாகத்தை மேடையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் அளவெடுத்து, சேமித்தாயிற்று என்று பச்சை காட்டும். எங்கே சேமித்தது என்று கேட்டால் ஈ டிரைவில் என்பாள். பக்கத்தில் வயரோடு கிடக்கும் கறுப்பு டிஸ்க்குக்குத்தான் அந்தப் பேர் என்று நினைத்திருந்தாள். அவளைக் குறை சொல்லி என்ன, கம்பெனியே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

ஆயுத பூசைக்கு டிஸ்க்கையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். லைனில் வேலை செய்யும் இசக்கியப்பன் தன் பென்டிரைவை அந்தக் கம்ப்யூட்டரில் செருகி அம்மன் பாட்டுப் போட்டான். பூசை முடிந்ததும் டிஸ்க்கை மாட்டினார்கள். பென்டிரைவைப் பிடுங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆறு வேலைநாள் கழித்து அவனே ஞாபகம் வந்து உருவிக்கொண்டு போனான். உடனே, ஈ டிரைவைக் காணோம் என்று மெஷின் நின்றது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீதர் வந்து ரெண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனான்.

பத்து நாள் ஆயிற்று. பாகங்களை வாங்கும் கம்பெனி அந்த ஆறு நாளின் அளவுகளைக் கேட்டது. மேனேஜர் திருமலை ஈ டிரைவைத் திறந்தார். பூசைக்கு முந்தின நாள் வரைக்கும் இருந்தது, ஏழாம் நாளிலிருந்து இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"எங்கம்மா கீது?"

"அளந்தேன் சார். பச்சை விழுந்துச்சு."

"வுழுந்திருந்தா இங்க இருக்கணும்ல. அளக்காமலே லோடு அனுப்பிட்டியா?"

முதல் நாள் அவளுக்குக் கோபம் வந்தது. மூன்றாம் நாள் சந்தேகமே வந்துவிட்டது. பூசை முடிந்த அந்த வாரம் காய்ச்சலோடு, மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தாள். பச்சை விழுந்ததைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? ஒரு நாள் மறக்கலாம், ஆறு நாளுமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. நாலாம் நாள், தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கான்ட்ராக்டை நீட்டிக்கலாம் என்றார் திருமலை. 'நான் அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டபிறகும் அது நிஜமா பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீதர் பக்கத்தில் இருந்தான். மெஷின் நின்ற அன்றைக்கு என்னதான் சரி செய்தீர்கள் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. டிஸ்க்கு எஃப்னு காட்டிகினு இருந்துச்சு. ஈன்னு மாத்தி வுட்டேன்."

"ஈங்கிறது அதோட பேரு இல்லையா?"

"பேரெல்லாம் இல்ல. இந்த பஸ்ல ஜன்னல் சீட்டு மாதிரி. காலியா இருந்தா மொதல்ல வர்றவன் குந்திக்குவான். டிஸ்க்க கழட்டி வச்சப்போ வேற எதுனா குந்திகிச்சோ இன்னாவோ. மெஷினுக்கு ஆளு தெரியாது, ஈயில எது குந்திகினு இருக்கோ அதுலதான் எழுதும்."

அவளுக்கு அம்மன் பாட்டு நினைவுக்கு வந்தது. ஸ்டாப்பில் இறங்கி நேராக இசக்கியப்பன் தங்கியிருந்த இடத்துக்குப் போனாள்.

"எலே இசக்கி, ஒன் பென்டிரைவுல என் ஃபைலு ஏதும் கெடந்துச்சா?"

"நம்பர் நம்பரா என்னமோ நெறய கெடந்துச்சுக்கா. வைரஸ்னு நெனச்சு மொத்தத்தையும் அழிச்சிட்டுப் படம் ஏத்திட்டேன்."

வேல்விழி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்போ நான் அளந்திருக்கேம்லா" என்றாள். அவன் ஒன்றும் விளங்காமல் முழித்தான்.

மறுநாள் காலை திருமலையிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"ஃபைல் இல்லாம நான் எப்படிம்மா நம்பறது?"

"நம்ப வேண்டாம் சார். அளக்கலைன்னு நான் எழுதுனதை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

"குடுத்துட்டா கான்ட்ராக்ட் நீட்டிக்க முடியாதும்மா."

"சரி சார்" என்று கையை நீட்டினாள்.