வடக்கே வெயில் ஏற வேண்டிய வாரம்

ராஜஸ்தான் பாலைவனத்தில், சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றில் என் மகள் வேலை பார்க்கிறாள். போன வாரம் நண்பகல் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். மறுநாளே எழுந்து உட்கார்ந்து, தானே போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, இளநி கிடைக்காத ஊரு, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். எனக்குத்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போனில் அந்த ஊரின் வெப்பத்தைப் பார்க்கிறேன். ஒரு டிகிரி குறைந்திருந்தால் அன்றைக்குக் காபி ருசிக்கிறது. இப்படிப்பட்ட நான்தான், பத்து வயதில், அதே பாலைவனத்தில் வெயில் கொளுத்த வேண்டும் என்று ஆவடியில் இருந்துகொண்டு சாமி கும்பிட்டேன்.

அப்பா ராணுவத்துக்குப் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். நாங்கள் அதன் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கோடை தொடங்கினால் ஒரு கூட்டம் புது வண்டிகளோடு வடக்கே பாலைவனத்துக்குப் போகும். எங்கே போகிறார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே குவார்ட்டர்ஸ் வாசலில் கீரை விற்கிறவர் உட்பட எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அதற்கு முந்தின வருஷம் அப்பாவுக்குப் பெரிய அவமானம் நேர்ந்திருந்தது. வண்டியின் இன்ஜினைக் குளிர வைக்கும் காற்றாடி அவருடைய பொறுப்பு. பாலைவனத்து உச்சி வெயிலில் இன்ஜின் கொதித்து, வண்டி மணலில் நின்றுவிட்டது. இன்னொரு வண்டி அதைக் கட்டி இழுத்து வந்ததாம். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு மாமா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்பா சைக்கிளை எடுக்கும்போதெல்லாம், "இன்னா காத்தாடி, கெளம்பியாச்சா?" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே போவார். பிறகு அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில்கூட காற்றாடியின் இறக்கைகளை அட்டையில் வெட்டி வெட்டி, எங்கள் மேசை விசிறியின் முன்னால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் நானும் அந்த அட்டைகளை மீன் என்று சொல்லி வண்ணம் பூசி விளையாடினோம்.

அந்தச் சித்திரையில் புதுக் காற்றாடியோடு அப்பா கிளம்பினார். போகும்போது அண்ணனிடம் விஷயத்தை விளக்கினார். வெளியே நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால்தான் சோதனை செல்லும். அதற்குக் குறைந்த வெயிலில் வண்டி எத்தனை ஓடினாலும் கணக்கில் வராது. மைதானமோ ஒரு வாரத்துக்கு மட்டுந்தான் கிடைத்திருக்கிறது. அதற்குள் வெயில் ஏறாவிட்டால் காற்றாடியைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அடுத்த வருஷம் வேறு யாராவது வேறு காற்றாடியோடு போவார்கள்.

போய்ச் சேர்ந்த பின் தொழிற்சாலை வழியாக ஒரு தகவல் வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு மாமாதான். "தங்கச்சி, அங்க மேகம் போட்டுக்கினு குளுகுளுன்னு கீதாம். காத்தாடி போர்வை கேட்டு அனுப்பியிருக்காரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

எங்கள் வரிசையில் டிவி இருந்தது அவர் வீட்டில் மட்டும். இந்தி புரிந்ததும் அவருக்கு மட்டும். வடநாட்டில் சில காலம் வேலை பார்த்தவர். ஆகவே தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, இந்திச் செய்தியின் கடைசியில் வரும் வானிலைக்காகக் காத்திருப்போம். வாசிக்கிறவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார். மாமா உடனே சொல்லமாட்டார். வெற்றிலையை மடித்து, சுண்ணாம்பு தடவி, "சொல்லட்டா, வேணாவா?" என்று எங்களைப் பார்ப்பார்.

"சொல்லுங்க மாமா!"

"முப்பத்தொம்போது. நம்ம மெட்ராஸே தேவலாம். பேசாம உங்கப்பன பூந்தமல்லி ரோட்டாண்ட வந்து வண்டிய ஓட்டச் சொல்லு."

அம்மா உள்ளே வரமாட்டாள். வாசலில் நின்றபடி கேட்டுவிட்டு, போய் உலையைப் பார்ப்பாள். அப்பாவின் மானம் போகப் போகிற வேளையில் அம்மாவுக்கு எப்படிச் சோறு வடிக்க முடிகிறது என்று எனக்குக் கோபமாக இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் அண்ணன். குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மாரியம்மன் இருந்தாள். கோடை வந்தால் அவள் உடம்பு கொதிக்கும் என்று பூசாரி காலையிலும் உச்சியிலும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். "வெயில்னா அம்மன்தான். அந்தாளு இப்படிக் குளிர வெச்சுக்கிட்டே இருந்தா ராஜஸ்தான் எப்படிச் சூடாகும்?" என்றான் அண்ணன். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

மறுநாள் காலையில் பூசாரி முன்னால் போய் நின்றோம். அவர் ஆவடியிலேயே பிறந்தவர், கோபக்காரர் என்று பெயர். அண்ணன் என்னை முன்னால் தள்ளிவிட்டான். நான் முழுவதையும் சொன்னேன். காற்றாடி, நாற்பத்தைந்து, ஒரு வாரம் எல்லாவற்றையும்.

"இன்னா பாப்பா, விளையாடறியா? ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்தாத உட்டா ஊருக்கே அம்மை போட்டுடும். உங்க நைனா காத்தாடி சுத்தறதுக்கு நானு ஆத்தாள வெயில்ல காயப் போடணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"அழுவாத, அழுவாத. இரு. அந்த ஊரு எந்தப் பக்கம் கீது?"

"வடக்குல" என்றான் அண்ணன்.

பூசாரி அம்மனைப் பார்த்தார். அம்மன் வடக்கு பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். தாடையைச் சொறிந்தார்.

"சரி, ஒண்ணு பண்றேன். மூஞ்சில ஊத்தல. இந்த வாரம் பூரா முதுவுல ஊத்தறேன். நமக்கும் கொறை இல்ல, வடக்கயும் கொறை இல்ல. ஆனா ஊர்ல எவங்கிட்டயும் மூச்சு உடக் கூடாது, இன்னா?"

அன்றைக்கு அவர் அம்மனுக்குப் பின்னால் எட்டிக் குனிந்து, முன்பக்கம் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல் குடத்தைச் சாய்த்ததை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. நாங்கள் இரண்டு பேரும் காவல் நின்றோம்.

சாயங்காலம் மாமா வெற்றிலையை மடிக்கவில்லை. "நாப்பத்தொண்ணு" என்றார். அடுத்த நாள் நாற்பத்திரண்டு. பிறகு நாற்பத்துநான்கு. ஒவ்வொரு டிகிரிக்கும் நாங்கள் கத்திய கத்தலில் எதிர்வரிசைக்காரர்கள் கிரிக்கெட் என்று நினைத்து ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்து அவர்களும் தரையில் இடம் பிடித்தார்கள். குழாயில் தண்ணீர் வராமல், லாரிக்குக் குடம் வைத்துக் காத்து, வேர்க்குருவைச் சொறிந்துகொண்டிருந்த ஜனங்கள், வெயில் இன்னும் ஏறவில்லையே என்று கவலைப்பட்டார்கள். அம்மாவிடம் ஓடிப்போய், "நாப்பத்திநாலும்மா! இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டாள். "சந்தோஷமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். "புழுக்கமா இருக்கு, போய் விளையாடு" என்றாள்.

மைதானம் கைவிட்டுப் போக ஒரு நாள் மீதி இருந்தபோது வானிலை வாசிக்கிறவர் அந்த ஊரின் பெயரைச் சொன்னார். மாமா சட்டென்று எழுந்து நின்றார். வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது.

"நாப்பத்தாறு! டேய், நாப்பத்தாறுடா!"

அவர் எப்போது எங்கள் கட்சிக்கு வந்தார் என்று தெரியவில்லை. என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். யாரோ தட்டை எடுத்துத் தாளம் போட்டார்கள். வீட்டுக்கு ஓடினால் அம்மா குளியலறையில் இருந்தாள். கட்டிய சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெற்றிக்குத் தலை முழுகுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே மாமாவின் சைக்கிள் மணி கேட்டது. கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி! ஓடிடுச்சு! முழு ஓட்டமும் ஓடிடுச்சு! கொதிக்கல, நிக்கல, ஒண்ணும் ஆகல! ஆபீசரே கைகுடுத்தாராம் அண்ணனுக்கு!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அப்பாவை அண்ணன் என்று சொன்னார். பூசாரி அடுத்த நாள் உச்சிப் பூசைக்கு அம்மனின் முகத்தில் மூன்று குடம் கூடுதலாக ஊற்றிவிட்டு, ரகசியத்தை எல்லோரிடமும் அவரே சொல்லி, "பாதி நம்ம ஆத்தா வேலை" என்று வரிசை முழுக்கப் பொங்கல் கொடுத்துக்கொண்டு போனார்.

அப்பா வந்த அன்று ஆவடி ஸ்டேஷனுக்கு நாங்கள் ஒரு படையாகப் போனோம். ரயிலிலிருந்து இறங்கியவர் கறுத்து, பாதியாகி, உதடு வெடித்து இருந்தார். கழுத்துத் தோல் உரிந்து தொங்கியது. பெட்டியை அவர் தொடக்கூட மாமா விடவில்லை. தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் நிற்க இடமில்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டைக் காற்றாடியாகப் பிடித்துக் கதை சொன்னார். நடுமத்தியானம். ஆள் ஏறி இறங்கும் மூடிகளையெல்லாம் இறுக்கிச் சாத்தியாகிவிட்டது. வண்டி மணல்மேட்டில் ஏறுகிறது. போன வருஷம் நின்ற அதே இடம் வருகிறது.

"சூடு காட்டற முள்ளு ஏறுது, ஏறுது, சிவப்புக்கிட்ட வந்துடுச்சு. அவ்வளவுதான்னு நெனச்சேன். அங்கயே நின்னுடுச்சு. அதுக்கு மேல ஒரு இழை நகரலை!"

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரும்பைப் பிடித்த இடமெல்லாம் கொப்புளங்கள். நான் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பள்ளி திறந்ததும் சொல்ல எனக்கு இது ஒன்று போதும் என்று தோன்றியது.

"வெளிய நாப்பத்தாறு. உள்ள எவ்ளோண்ணே இருந்திருக்கும்?" என்று கேட்டார் மாமா.

"அதை எவன் பார்த்தான்? நான் பார்த்தது இன்ஜினோட முள்ளை மட்டும்தான்."

கூட்டம் சிரித்தது. தண்ணீர்ச் செம்போடு வந்து நின்ற அம்மா மெல்லக் கேட்டாள்.

"நீங்களா உள்ள இருந்தீங்க? அவ்வளவு நேரமும்?"

"பின்ன? முள்ளை யார் பாக்கறது? மணல்ல உக்காந்து ஜோசியமா பாப்பாங்க?"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான். அம்மா குனிந்து அப்பாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. தண்ணீர் வழிந்து, தரையில் ஓடி, உட்கார்ந்திருந்தவர்களின் வேட்டியை நனைத்தது. அவள் நிறுத்தவில்லை. லாரியில் பிடித்த தண்ணீர் வீணாகிறதே என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அப்போதும் அவள் செம்பை நிமிர்த்தவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கைகூட நிற்கவில்லை பார் என்று அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.