ஷாக் அப்சார்பர் கடையில் நான் கேட்ட கேள்வி

என் மகள் கார் ரேஸ் ஓட்டுகிறாள். பச்சை விளக்கு விழுந்ததும் நேர்கோட்டில் சீறிப் பாயும் போட்டி. கிளம்பும்போது காரின் முன்பக்கம் மேலே தூக்கும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தக் காருக்கு ஷாக் அப்சார்பர் வாங்க ராயப்பேட்டைக்குப் போயிருந்தோம்.

"இருக்கறதுலயே டைட்டானது குடுங்க பாய்" என்றாள் கடைக்காரரிடம்.

நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லாத நான், எப்படியோ கேட்டுவிட்டேன். "முன்னாடி தூக்குனா வண்டி நேரா போவுமா?"

அங்கிருந்த மெக்கானிக் சிரித்தார். "இன்னா ஆயா, நீ ஓட்டப் போறியா?"

"சிரிக்காத நைனா, கேக்க வேண்டியதத்தான் கேட்டுகீறாங்க" என்ற பாய், மகளிடம் திரும்பினார். "போன தபா வண்டி இழுத்துச்சாம்மா?"

அவள் தலைகுனிந்தாள். "லெஃப்ட்ல இழுத்துச்சு. அம்மாகிட்ட சொல்லல."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் திருகு வைத்த ஒரு ஷாக்கை என் மடியில் வைத்தார்.

"திருப்பிப் பாருங்கம்மா. இப்டி இறுகும், அப்டி இளகும். முன்னாடி தூக்கறப்ப பின் டயருதான் வண்டிய நேரா கொண்டு போவணும். ரொம்ப டைட்டா வெச்சா அது ரோட்டுல ஒட்டாது, வண்டி இழுக்கும். எடத்துக்குத் தக்கபடி இத மாத்திக்கலாம்."

மகள் அதையே வாங்கினாள்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கு ஒரு பொருளை இப்படிக் கையில் கொடுத்து விளக்கியவர் வேறு யாருமில்லை. இன்றும் அவள் ஓட்டும்போது பயப்படுகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொள்வதில்லை, பின் டயரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த பாய் நன்றாக இருக்க வேண்டும்.