கோலத்தில் விழுந்த களிமண்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான் ஒருவன். என்னோடு கூட்டாகத் தொழில் செய்யும் பாய் ஒருவர். திருவல்லிக்கேணிக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். காரை வைத்திருக்கும் மாமி. அந்த வீட்டில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, பாத்திரம் தேய்த்து, தினமும் காரையும் துடைக்கிற அக்கா. ஐந்தாவது ஆள் கிடையாது. பிறகு எத்தனையோ நாள் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கே போய்க் காரைக் கழுவிப் பளபளப்பாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, திருவான்மியூர் வரைக்கும் போவோம். ஸ்கூட்டரில் பாலிஷ் மெஷின், வாளி, துணி மூட்டை. ஷாம்பூ போட்டுக் கழுவியதும் கார் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தால் ரவை சிந்திக் கிடப்பது போல நரநரவென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் பெயிண்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், தண்ணீருக்குப் போகாது. அதை எடுக்கத்தான் கிளே. களிமண் என்று பெயர், மண் இல்லை. பிசைந்த சப்பாத்தி மாவு போல ஒரு உருண்டை. சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு, உருண்டையைத் தட்டி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதலில் சரசரவென்று சத்தம் வரும். அழுக்கு அதில் ஏற ஏறச் சத்தம் அடங்கும். அடங்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, புதுப் பக்கத்தோடு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

இந்த வேலையில் தவறவே கூடாத ஒன்று உண்டு. கீழே விழுந்த துண்டைத் திரும்பக் காரில் வைக்கக் கூடாது. தரையில் பட்டதும் மண் அதில் ஒட்டிவிடும், கழுவினாலும் போகாது. அப்படியே குப்பையில் போட வேண்டியதுதான்.

இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான். தேவைக்கு மேலே பயப்படுகிறவன். பொத்தான் உரசிக் காரில் கோடு விழுந்துவிடுமோ என்று சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வேன். மோதிரத்தைக் கழற்றி, கழற்றினேனா என்று மறுபடி விரலைப் பார்ப்பேன். சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பிப் பாதி வழி வந்த பிறகு, கேஸை மூடினோமா என்று திரும்பிப் போனது உண்டு. பள்ளிக்கூடம் நின்றதும் இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் நூலகப் புத்தகம் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். சொல்லப் பயந்து மூன்று நாள் போகவில்லை. மூன்று நாள் போகாததைச் சொல்லப் பயந்து அப்புறம் போகவே இல்லை.

அந்த மார்கழியில் மாமி வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள், திருவான்மியூரில் ஒரு வேலை. அங்கே இரண்டு துண்டு கிளேயைக் கீழே போட்டுவிட்டேன். பாய் ஒரு கட்டியை வாங்கி நான்காக அறுத்துக் கொண்டுவருவார். விலை கொஞ்சம் கூடுதல்தான்.

“இன்னா மச்சி, கையா இது, ஜல்லிக்கரண்டியா? எல்லாம் கீழ ஒழுவுது” என்றார்.

மறுநாள் மாமி வீட்டு வாசலில் மூட்டையைப் பிரிக்கும்போதும் விடவில்லை. “ரெண்டு துண்டு தான் மிச்சம் கீது. இத்தையும் கீழ வுட்டன்னா, வூட்லேர்ந்து சப்பாத்தி மாவு எத்துனு வந்து தேய்ச்சிக்க.”

நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் அது ஒட்டிக்கொண்டது.

கார் கறுப்பு. மாமியின் மகன் வாங்கி வைத்தது. அவர் வெளிநாட்டில் இருக்கிறார். கச்சேரி சீசனுக்கு வருஷா வருஷம் வந்து அந்தக் காரில்தான் சபா சபாவாகப் போவாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று மாமி இரண்டு முறை சொன்னார். உள்ளே இடம் போதாததால் காரை வெளியே எடுத்துத் தெருவில், கேட்டை ஒட்டி நிறுத்தியிருந்தோம். கேட்டுக்கு முன்னால் அக்கா விடியலில் போட்ட பெரிய கோலம். அதன் ஓர் ஓரம் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வந்திருந்தது.

பாய் மெஷினுக்கு மின்சாரம் எடுக்க ஒயரோடு வீட்டுக்குள் போயிருந்தார். மாமி அடுக்களையில். அக்கா பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது. நான் பானெட்டில் கிளே ஓட்டிக்கொண்டிருந்தேன். கை ஈரம். துண்டு வழுக்கிக் கோலத்தின் ஓரத்தில் விழுந்தது.

எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை.

அப்போது எனக்குள் ஓடியதை அப்படியே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இது தரையில் விழவில்லை, மாவில் விழுந்திருக்கிறது. மாவு என்ன செய்யும்? என் அம்மா அரிசி மாவில்தான் கோலம் போடுவார், எறும்பு தின்னும். எறும்பு தின்கிற மாவு காரைக் கீறுமா? மூன்று முறை என்னையே கேட்டேன், மூன்று முறையும் நானே பதில் சொன்னேன். பின்பக்கம் போய் அக்காவிடம், “இது எந்த மாவு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார். பாய் காதில் விழும். மறுபடி ஜல்லிக்கரண்டி. அந்த ஒரு கேலிக்குப் பயந்து, வெள்ளையை விரலால் தட்டிவிட்டு, உள்ளே மடித்துப் பிசைந்து, ஓட்ட ஆரம்பித்தேன்.

சத்தம் அடங்கவே இல்லை. அழுக்கு அதிகம் போல என்று இன்னும் ஓட்டினேன்.

ஈரத்தில் எதுவும் தெரியாது. துணியால் துடைத்து வெயில் பட்டதும்தான் தெரிந்தது. கறுப்புப் பானெட்டில் இடமிருந்து வலமாக, சீப்பால் வாரியது போல வெள்ளைக் கோடுகள். மேலே துணியைப் போட்டு மூடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் மாமி காப்பியோடு வந்துவிட்டார்.

“என்னப்பா இது, கோடு கோடா இருக்கு?”

என் வாய் தானாகப் பேசியது. “தெனமும் தொடைக்கிற துணில மண்ணு இருந்திருக்கும்மா. இவ்ளோ நாள் அழுக்கு மூடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அழுக்கு போனதும் உள்ள இருக்குறது வெளிய தெரியுது.”

இது மற்ற எத்தனையோ கார்களில் உண்மைதான். நாங்களே பல வீடுகளில் உண்மையாகச் சொன்ன வாக்கியம். அதனால் தடுமாறாமல் வந்தது. பாயும் அதற்குள் வெளியே வந்துவிட்டார். பானெட்டில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மாமி உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். அக்கா ஈரக்கையோடு வந்தார்.

“எத்தனை தடவை சொல்லிண்டே இருக்கேன், துணிய நன்னா அலசிட்டுத் தொடைன்னு. பாரு இப்ப. அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“தெனிக்கும் அலசிட்டுத் தாம்மா தொடைக்கிறேன்.” அக்கா குனிந்து பார்த்தார். “இது நேத்து இல்லமா. நேத்து தொடைக்க சொல்லோ என் மூஞ்சி நல்லா தெரிஞ்சுது இதுல.”

“அப்போ அவர் பொய் சொல்றாரா? இதே தொழிலா இருக்கறவா.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் போட்டால் பெரும்பாலும் போய்விடும், தனியாக மூவாயிரம் ஆகும் என்று பாய் சொன்னார். போடச் சொன்னார் மாமி. அந்த மூவாயிரத்தை அக்காவின் சம்பளத்தில் மாதம் ஐந்நூறாகப் பிடித்துக்கொள்வதாகவும் எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அக்கா உள்ளே போனார். பாத்திரச் சத்தம் திரும்பக் கேட்க வெகு நேரம் ஆனது.

மத்தியானம் திரும்பும்போது சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. பாய் திரும்பாமலே கேட்டார்.

“அந்தக்கா வட்டமாத் தானே தொடைக்கும். கோடு எப்டி நேரா கீது?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மாவா? யாரு மச்சி இப்ப மாவுல போடுறா? கல்லுப்பொடிடா அது. சைக்கிள்ல வெச்சி வித்துனு போறான், காதுல வுழலியா உனுக்கு?”

“திரும்பிப் போயிடலாமா பாய்?”

பச்சை விழுந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார். “போய் இன்னான்னு சொல்லுவ? அப்பால அந்தத் தெருவுல ஒரு வண்டி குடுக்க மாட்டாங்கோ.” இறக்கிவிடும்போது மூவாயிரத்தில் என் பங்கு ஆயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நான் கெடுத்ததை நாங்களே சரிசெய்து, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டோம். அது எந்தச் செலவில் போனது என்று இப்போது நினைவில்லை. வீட்டு வாடகையாக இருக்கும்.

பங்குனியில் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு கார். பாய்க்கு வேறு இடத்தில் வேலை; நான் மட்டும் போனேன். அந்தக் காரை அக்காதான் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் மூன்று கார் துடைக்கிறாராம். என்னைப் பார்த்தால் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“வா நைனா” என்றார். “நீ சொன்னப்புறம் மூணு தபா அலசறேன் துணிய. பாரு, எவ்ளோ சுத்தமா கீது. வேற நல்ல துணி எதுனா இருந்தா சொல்லு, வாங்கிக்கிறேன். இன்னொரு வாட்டி தண்டம் கட்ட என்னால ஆவாது.”

நான் சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டிருந்தார். தன் முகம் தெரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர், அதை விட்டுவிட்டு என்னை நம்பியிருந்தார். வாளியைக் கீழே வைத்தேன்.

“அக்கா, அந்தக் கோடு நீங்க போட்டது இல்ல. நான் தான்.”

கிளே கோலத்தில் விழுந்ததை, எடுத்து மறுபடி தேய்த்ததை, எல்லாம் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். பிழிய ஒன்றும் இல்லாதபோதும் பிழிந்தார்.

“அப்போ நேத்து இல்லன்னு நான் சொன்னது சரி தான்.”

“சரி தான்கா.”

“மூணு மாசமா என் கையையே பாத்துக்கினு இருந்தேன்.” பிறகு என் சட்டையைப் பார்த்தார். “இன்னாத்துக்கு இத்த திருப்பிப் போட்டுக்கினு கீற?”

“பொத்தான் பட்டா கோடு விழும்னு பயம்.”

“ஓ. அதுக்கு மட்டும் பயமா?”

நான் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டேன். “என்னாண்ட சொல்லி இன்னா? அம்மாவாண்ட போய் சொல்லு” என்றார். அவரே முன்னால் நடந்தார்.

மாமி கேட்டில் நின்றபடியே கேட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். அவ்ளோதானே? அவ பின்பக்கம் நின்னுண்டு அழுதா, தெரியுமோ உனக்கு? நானும் பார்த்துண்டுதான் இருந்தேன். நீ சொன்னேன்னு உடனே நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

உள்ளே போய், மூன்று மாதம் பிடித்த ஆயிரத்து ஐந்நூறைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா எண்ணாமல் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்ட காரைத் துடைக்கப் போனார். முழு மூவாயிரத்தையும் நான் தருவதாக மாமியிடம் சொன்னேன். அன்று பையில் ஐந்நூறுதான் இருந்தது, அதைக் கொடுத்தேன். பாயிடம் அவர் பங்கைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

மாதம் பிறந்ததும் ஐந்நூறு கொண்டுபோகிறேன். மாமி வாங்கி, சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறிக்கிறார். மேலே அக்கா பெயருக்கு எதிரே மூன்று ஐந்நூறு, அடித்திருக்கிறது. அதன் கீழே ‘கார் பையன்’ என்று போட்டு என் கணக்கு. காரைக் கழுவ மாமி இப்போது வேறு ஆளைக் கூப்பிடுகிறார். போகிற நாட்களில் கேட்டைத் திறக்கும்போது கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போகிறேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

இதுவரை மூன்று முறை கொடுத்துவிட்டேன். இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.